மண்புழுவும் எழுத்தும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன் ஒருவன்

எழுத்துத் திறன் பிறவியிலேயே அமைய வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நன்றாக எழுதும் நண்பன் ஒருவனைக் கண்டால், "அவனுக்கு அது கைவந்த கலை, நமக்கு வராது" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். கடந்த ஆண்டுவரை நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறானது என்பதை எனக்கு உணர்த்தியவை மூன்று. ஒன்று, திரும்பி வந்த ஒரு கட்டுரை. மற்றொன்று, திரும்பி வந்த ஒரு மனு. மூன்றாவது, நம் ஆய்வகத்தில் நான் கண்ட மண்புழு. மண்புழுவுக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறேன். இக்கட்டுரையின் பொருளே பொறுமைதானே!

திரும்பி வந்த கட்டுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். மற்ற நாட்களில் பிறர் வயலில் கூலி வேலை. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது.

சென்ற ஆண்டு, கல்லூரி மலருக்குப் படைப்புகள் தரலாம் என்ற அறிவிப்பைப் பலகையில் கண்டதும் எனக்குள் ஓர் உற்சாகம் பிறந்தது. அன்றிரவே உட்கார்ந்து 'கல்வியின் சிறப்பு' என்ற தலைப்பில் ஆறு பக்கம் எழுதி முடித்தேன். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் கேட்டு மனப்பாடம் செய்த சொற்றொடர்கள் எல்லாம் அதில் இடம்பெற்றன. இருள் வந்தது, சுடர் வந்தது, கடல் வந்தது, கலங்கரை விளக்கம் வந்தது. ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. அதையே பெருமையாக எண்ணினேன்.

மறுவாரம் தமிழ்த்துறைப் பேராசிரியர் என்னை அழைத்தார். "தம்பி, கட்டுரை எழுதியிருக்கிறாய். ஆனால் இதில் நீ எங்கே இருக்கிறாய்? உன் வீட்டில் கல்வி என்ன செய்தது என்று ஒரு வரிகூட இல்லையே! இன்னும் பத்து நாள் இருக்கிறது. திருத்திக் கொண்டுவா" என்றார்.

நான் கொண்டுபோகவில்லை. ஆறு பக்கத்தையும் கிழித்து விடுதியின் குப்பைக் கூடையில் போட்டேன். திருத்தச் சொன்னதை மறுத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டேன். எழுத வராதவனைத்தான் மீண்டும் எழுதச் சொல்வார்கள் என்பது அன்று என் எண்ணம்.

மலர் வெளிவந்தது. அதை ஊருக்கு எடுத்துச் சென்றேன். கட்டுரை கொடுத்த அன்றே வீட்டில் சொல்லி வைத்திருந்த பாவத்தால், அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "உன் பேரு எங்கப்பா போட்டிருக்கு?" என்று கேட்டார். எழுத்தறியாத அவரிடம் ஏதேனும் ஒரு வரியைக் காட்டியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். எனக்கு மனம் வரவில்லை. "அடுத்த வருசம் வரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்த மனு

அதே கோடை விடுமுறையில் அப்பத்தாவுக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை நின்றுபோயிற்று. அவருடைய மருந்துச் செலவு அந்தப் பணத்தில்தான் நடந்துவந்தது. "காலேசுல படிக்கிறியே, ஒரு மனு எழுதிக் கொடுப்பா" என்றார் அப்பா. கட்டுரைக்குக் கிடைக்காத மதிப்பு மனுவுக்காவது கிடைக்கட்டும் என்று மூன்று பக்கம் எழுதினேன். வறுமைக் கடலில் தத்தளிக்கும் ஒரு மூதாட்டியின் கண்ணீரைப் பற்றி அதில் உருக்கமாக வருணித்திருந்தேன்.

அப்பா ஒரு நாள் கூலியை விட்டு என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். அங்கிருந்த அலுவலர் மூன்று பக்கத்தையும் புரட்டினார். "எந்த மாசத்திலேருந்து பணம் வரல? பாஸ்புக் நம்பர் எங்கே? எந்தக் கிராமம்? ஒண்ணுமே இல்லையேப்பா. சரியா எழுதி எடுத்துட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் பேருந்தில் அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் இழந்த ஒரு நாள் கூலியும் இருவருக்கான பேருந்துச் செலவும் என் வருணனைக்கு நாங்கள் கொடுத்த விலை.

இம்முறை கிழித்துப் போட முடியவில்லை. அப்பத்தாவின் மருந்து காத்திருந்தது. மறுநாள் காலை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கடைசியாகப் பணம் வரவு வைக்கப்பட்ட தேதியைக் குறித்துக்கொண்டேன். வங்கிக் கிளை மாறியபோது அப்பத்தாவின் கணக்கு விவரம் புதுப்பிக்கப்படாமல் இருந்தது அங்கே விசாரித்தபோதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மீண்டும் எழுதினேன். நான்காவது முறை எழுதியபோது அந்த மனு பன்னிரண்டு வரிகளில் அடங்கிவிட்டது. அழகான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து உதவித்தொகை மீண்டும் வரத் தொடங்கியது.

என் எழுத்து இவ்வுலகில் செய்த முதல் வேலை அதுவே. என் முதல் மனு பயனற்றுப் போனதற்குக் காரணம் சொற்பஞ்சம் அன்று. பொருளை நான் அறியாமல் இருந்ததே காரணம். திருத்தி எழுதுவது என்பது சொல்லை மாற்றுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எழுந்துபோய்ப் பொருளை மறுபடியும் பார்த்துவிட்டு வருவதே திருத்துவது என்பதை அன்று அறிந்தேன்.

ஆய்வகத்தில் மண்புழு

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு மண்புழு வளர்ப்பு பற்றிய பாடம் வந்தது. லாம்பிட்டோ மாருட்டி என்னும் நம் நாட்டு மண்புழுவைத் தட்டில் வைத்து விளக்கிக்கொண்டிருந்த விலங்கியல் பேராசிரியர், இடையில் ஒரு செய்தி சொன்னார். "டார்வின் மண்புழுவைப் பற்றி முதலில் ஒரு கட்டுரை படித்தபோது அவருக்கு 28 வயது. அதே பொருளைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டபோது 72 வயது" என்றார். வகுப்பில் சிலர் சிரித்தோம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடையில் 44 ஆண்டுகள்! பத்து நாள் அவகாசத்தையே பயன்படுத்தாமல் கட்டுரையைக் கிழித்தவனுக்கு அந்த எண் சுருக்கென்று தைத்தது. அந்த நூலைத் தேடி எடுத்து, ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளுக்கு நான்கைந்து பக்கமாகப் படிக்கத் தொடங்கினேன்.

சார்லஸ் டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1831 டிசம்பரில் பீகிள் என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றி, 1836 அக்டோபரில் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு தம் மாமாவின் ஊருக்குச் சென்றபோது, அவர் ஒரு புல்வெளியைக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் பரப்பிய சுண்ணாம்பும் கரித்துண்டும் சில அங்குல ஆழத்தில் புதைந்து கிடந்தன. யாரும் புதைக்கவில்லை. மண்புழுக்கள் அடியிலிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளித் தள்ளியே அவை கீழே போயிருக்க வேண்டும் என்பது மாமாவின் கருத்து. அதை ஆராய்ந்து டார்வின் ஒரு சிறு கட்டுரை எழுதி, 1837 நவம்பர் 1-ஆம் நாள் லண்டன் புவியியல் கழகத்தில் படித்தார்.

வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பார். டார்வின் விடவில்லை. லண்டனுக்கு அருகே அவர் குடியேறிய ஊரின் பெயர் டவுன். பெயர்தான் டவுன், ஊர் சிற்றூரே. 1842 டிசம்பரில் அங்கே தம் வீட்டருகே ஒரு நிலத்தில் உடைத்த சுண்ணக்கட்டிகளைப் பரப்பச் செய்தார். 1871 நவம்பரில், அதாவது 29 ஆண்டுகள் கழித்து, அந்த இடத்தில் குழி வெட்டிப் பார்த்தார். வெண்ணிறக் கட்டிகள் 7 அங்குல ஆழத்தில் ஒரு கோடாகத் தெரிந்தன. ஒரு நூலின் ஒரு பத்திக்குச் சான்று வேண்டி 29 ஆண்டுகள் காத்திருந்த எழுத்தாளரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மண்ணிட்ட தொட்டிகளில் புழுக்களைத் தம் படிப்பறையிலேயே வளர்த்தார். அவற்றுக்குக் காது கேட்குமா என்று அறிய விசில் ஊதினார். மகனை இசைக்கருவி வாசிக்கச் சொன்னார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேல் வைத்து வாசித்தபோது, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடிவிட்டன. இலைகளை எந்த முனையைப் பற்றி வளைக்குள் இழுக்கின்றன என்று அறிய, முக்கோணமாக வெட்டிய தாள் துண்டுகளைப் போட்டு வைத்தார். அவ்வாறு இழுக்கப்பட்ட 303 துண்டுகளைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 62 கூர்முனையைப் பற்றியே இழுக்கப்பட்டிருந்தன. முதுமையில், 1877-இல், ஸ்டோன்ஹெஞ்சுக்குச் சென்று, அங்கு விழுந்து கிடக்கும் பெருங்கற்கள் எவ்வளவு மண்ணில் இறங்கியுள்ளன என்று பார்த்துவந்தார்.

1869-இல் ஒருவர், இவ்வளவு சிறிய உயிர் அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய இயலாது என்று எழுதி டார்வினின் கருத்தை மறுத்தார். சிறு செயல் இடைவிடாது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கூட்டிப் பார்க்கத் தவறுவதால் வரும் பிழை இது என்பது டார்வினின் விடை. அவர் கூட்டிப் பார்த்திருந்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில், ஓர் ஏக்கரில் ஓராண்டில் 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேற்பரப்புக்கு வருகிறது என்று கணக்கிட்டார்.

1881 அக்டோபரில் அந்த நூல் வெளிவந்தது. சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கான படிகள் விற்றன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் டார்வின் மறைந்தார். அவர் எழுதிய கடைசி நூல் அதுவே.

டார்வின் எழுதிய முறை

அவர் பேரறிஞர், எழுதுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. 1876-இல், தம் 67-ஆம் வயதில் எழுதிய தன்வரலாற்றில், தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதுவது தமக்கு எப்போதும் போல் அன்றும் கடினமாகவே இருப்பதாக அவர் ஒப்புக்கொள்கிறார். ஒரு கருத்தை முதலில் எழுதும்போது தவறாகவோ கோணலாகவோ எழுதிவிடுவது தம் மனத்தின் விதி போலும் என்கிறார். ஆயினும் அந்தக் கடினத்தால் ஒரு நன்மை உண்டாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நெடுநேரம் சிந்திக்க வேண்டியிருப்பதால், தம் சிந்தனையில் உள்ள பிழைகள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன என்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த மனு நினைவுக்கு வந்தது. வாக்கியம் ஓடாமல் நிற்கும் இடத்தில், பெரும்பாலும் நாம் அறியாதது ஏதோ ஒன்று இருக்கிறது.

அவருடைய முறை நாம் பின்பற்றத் தக்கது. முதலில் இரண்டு மூன்று பக்கத்தில் முழுப் பொருளுக்கும் ஒரு முன்வரைவு போடுவார். பிறகு அதைச் சில பக்கங்களாக விரிப்பார். பிறகு கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பாதிச் சொற்களைச் சுருக்கி, பக்கம் பக்கமாக வேகமாகக் கிறுக்கிவிடுவார். அதன் பின்னர் நிதானமாகத் திருத்துவார். இளமையில் ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுதாக யோசித்த பிறகே எழுதியதாகவும், இந்த முறையே நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று பின்னாளில் கண்டதாகவும் சொல்கிறார். திருத்தியதை ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நல்ல கையெழுத்தில் படியெடுத்துக் கொடுப்பார். அந்தப் படியையும் மறுபடி திருத்துவார்.

அவர் புகழுக்குக் காரணமான 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலின் வரலாறும் இதுவே. 1837-இல் குறிப்பேடு தொடங்கினார். 1842-இல் பென்சிலால் 35 பக்கச் சுருக்கம் எழுதினார். 1844-இல் அதை 230 பக்கமாக விரித்தார். அப்போதும் வெளியிடவில்லை. தாம் இறந்துபோனால் அதை அச்சிடுவதற்கு 400 பவுன் ஒதுக்குமாறு மனைவிக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, 1846 முதல் எட்டு ஆண்டுகள், கடற்பாறைகளிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்னும் சிற்றுயிர்களை ஆராயப் போய்விட்டார். 1856-இல் பெருநூல் எழுதத் தொடங்கினார். 1858 ஜூனில், ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இளம் அறிஞர் தொலைதூரத் தீவிலிருந்து அனுப்பிய கட்டுரையில் அதே கொள்கை இருக்கக் கண்டு திகைத்தார். ஜூலை 1-ஆம் நாள் இருவர் எழுத்துகளும் லண்டனில் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. சில நாட்களுக்கு முன்புதான் தம் கைக்குழந்தையை இழந்திருந்த டார்வின் அங்குச் செல்லவில்லை. பின்னர் 13 மாதமும் 10 நாளும் உழைத்துப் பெருநூலைச் சுருக்கி எழுதினார். 1859 நவம்பர் 24-இல் 1,250 படிகள் வெளிவந்தன.

அத்தோடு முடியவில்லை. 1872 வரை ஆறு பதிப்புகள் வந்தன, ஒவ்வொன்றையும் திருத்தினார். மோர்ஸ் பெக்கம் என்னும் அமெரிக்க அறிஞர் ஆறு பதிப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு 1959-இல் ஒரு நூல் வெளியிட்டார். முதற்பதிப்பில் இருந்த 3,878 வாக்கியங்களில் ஏறத்தாழ 3,000 பின்னர் மாற்றி எழுதப்பட்டவை என்பது அவர் கண்ட கணக்கு. உலகையே மாற்றிய நூல் அச்சாகிப் புகழ் பெற்ற பிறகும், அதன் நான்கு வாக்கியங்களில் மூன்றை மாற்றலாம் என்று அதன் ஆசிரியருக்குத் தோன்றியிருக்கிறது. நானோ ஆறு பக்கத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை என்று பெருமைப்பட்டவன்!

இன்னொரு சிறு செய்தி. அந்த நூலின் கையெழுத்துப் படியில் பெரும்பகுதி இன்று இல்லை. எஞ்சியுள்ள தாள்களில் சிலவற்றின் பின்புறத்தில் அவர் பிள்ளைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. பழைய வரைவை அவர் பொக்கிஷமாகப் பூட்டி வைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டார். எழுதியதன்மேல் பற்று வைத்தவருக்குத் திருத்துவது வலிக்கும். எழுதும் பொருளின்மேல் பற்று வைத்தவருக்கு அது வலிக்காது.

நமக்கு அந்த வசதி உண்டா?

இவ்விடத்தில் ஒரு தடை எழும். விடுதியில் இக்கட்டுரையின் முதல் வரைவைப் படித்துக் காட்டியபோது என் அறை நண்பன் அதை உடனே எழுப்பினான். "டார்வினுக்கு அப்பா சொத்து இருந்தது. வேலைக்குப் போக வேண்டியதில்லை. படியெடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது. அவர் 44 வருசம் காத்திருப்பார். நாம் ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்குப் போனால்தான் தேர்வுக் கட்டணம் கட்ட முடியும். பொறுமை பணக்காரர்களின் பொருள்" என்றான்.

நண்பன் சொன்னதில் உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். டார்வினின் தந்தை செல்வமிக்க மருத்துவர். கூலிக்காரன் வீட்டில் பிறந்த டார்வின்கள் எத்தனை பேர் எழுதாமலே போனார்களோ, அந்தக் கணக்கை யார் அறிவார்? ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. டார்வின் வாழ்நாளில் பெரும்பகுதி நோயாளியாக இருந்தவர். காலையில் எட்டு மணி முதல் ஒன்பதரை வரை, பிறகு பத்தரை முதல் பன்னிரண்டு வரை, நாளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமே அவருடைய முக்கியமான வேலை நேரம். அந்தச் சிறு நேரத்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் பயன்படுத்தினார். நமக்கு மூன்று மணி கிடைக்காது. இருபது நிமிடம் கிடைக்கும். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். மண்புழு ஒரு நாளில் தள்ளும் மண் ஒரு பிடிகூட இராது.

நம் நாட்டிலும், நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரி ஒன்றிலேயே, இதற்குச் சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அவர் செல்வர் அல்லர். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கினார். பகலில் வகுப்பு நடத்திக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். தம் வரலாற்றை 'என் சரித்திரம்' என்று ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. 1942-இல் மறையும்வரை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

என் முதல் பதிப்பாசிரியர்

இவ்வாண்டு இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, முதலில் மண்புழுவைப் பற்றி மட்டுமே எழுதினேன். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர், தூங்கிவிட்டார் என்று நான் நினைத்த நேரத்தில், "நிப்பாட்டு. என்ன சொன்னே? தெனமும் வரப்புல புழு மண்ணு தள்ளியிருக்கும்னா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"தெனமும் எங்க தள்ளும்? கோடையில ஆழத்துக்குல்ல போயிரும். மழை பேஞ்ச மறுநா விடியக்காலையில வந்து பாரு. அப்பத்தான் குவியல் குவியலாக் கெடக்கும். புழு இருக்கற வயல்ல தண்ணி நல்லாச் சுவறும். இதெல்லாம் எழுதலையா?"

நான் எழுதவில்லை. ஏனெனில் நான் பார்க்கவில்லை. இருபது ஆண்டுகள் அந்த வரப்பில் நடந்தவன், மழைக்கு மறுநாள் ஒரு முறையும் குனிந்து பார்த்ததில்லை. புத்தகத்தில் படித்ததை வரப்பில் கண்டதைப் போல எழுதியிருந்தேன். தமிழ்ப் பேராசிரியர் சென்ற ஆண்டு "நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையும், முனைவர் பட்டம் பெற்ற என் பேராசிரியரும் என் எழுத்தில் கண்ட குறை ஒன்றே. அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்து மழை பெய்த மறுநாள் காலையில் விடுதிக்குப் பின்னாலிருக்கும் திடலில் போய்ப் பார்த்த பிறகே மீண்டும் எழுதினேன். அப்பா சொன்னது சரிதான். மிளகளவில் உருண்டை உருண்டையாக மண் குவிந்து கிடந்தது.

நாம் செய்யத்தக்கவை

நான் எழுத்தாளன் அல்லன், கற்றுக்கொண்டிருப்பவன். என்னைப் போல் தொடங்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நாள்தோறும் சிறிது எழுதுக. நாம் கண்ணால் கண்டது ஒன்றைப் பற்றி ஐந்து வரி போதும். நம் ரெக்கார்டு நோட்டில், கண்டதை மட்டும் எழுதப் பழகுகிறோம் அல்லவா? அதே நேர்மை கட்டுரைக்கும் வேண்டும்.

இரண்டாவது, எழுதியதைச் சில நாள் மூடி வைக்க வேண்டும். எழுதிய இரவில் எல்லா வரியும் அழகாகவே தோன்றும். நான்காம் நாள் எடுத்துப் படித்தால், எது நம்முடையது, எது இரவல் வாங்கியது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, பிறருக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்தவர்களுக்கு மட்டும் அன்று, வீட்டில் இருப்பவர்களுக்கும். அவர்களுக்கு விளங்காத இடம் பெரும்பாலும் நமக்கே விளங்காத இடமாக இருக்கும்.

நான்காவது, நம் கருத்துக்கு எதிரான செய்தி கிடைத்தால் அதை உடனே குறித்து வைக்க வேண்டும். இது டார்வின் கைக்கொண்ட விதி. சாதகமான செய்தி மனத்தில் நிற்கும். பாதகமான செய்தி எளிதில் மறந்துவிடும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். என் அறை நண்பனின் தடையை இக்கட்டுரையில் சேர்த்ததும் அந்த விதியின்படியே.

ஐந்தாவது, திருப்பித் தரப்பட்டதைக் கிழிக்காதீர்கள். கிழித்த அந்த ஆறு பக்கம் இன்று என்னிடம் இருந்தால், இந்த ஓராண்டில் நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று அளந்து பார்த்திருப்பேன். அளவுகோலை நானே எறிந்துவிட்டேன்.

நிறைவாக

பொறுமை என்றால் கைகட்டிக் காத்திருப்பது அன்று. டார்வின் சுண்ணக்கட்டியைப் பரப்பிவிட்டு 29 ஆண்டுகள் சும்மா இருக்கவில்லை. இடையில் எத்தனையோ நூல்கள் எழுதினார். விடாமுயற்சி என்றால் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்வதும் அன்று. என் மூன்று பக்க மனுவையே நூறு முறை நகலெடுத்துக் கொடுத்திருந்தாலும் அப்பத்தாவுக்குப் பணம் வந்திராது. ஒவ்வொரு முறையும் பொருளை நெருங்கிச் சென்று பார்த்துவிட்டு வந்து எழுதுவதே எழுத்தில் பொறுமை. அதை நிறுத்தாமல் செய்வதே விடாமுயற்சி.

இக்கட்டுரையை இதுவரை ஐந்து முறை எழுதியிருக்கிறேன். நாளை இதைத் தமிழ்த்துறையில் கொடுக்கப் போகிறேன். இவ்வாண்டு மலரில் இது இடம்பெறுமா என்பது இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. "திருத்திக் கொண்டுவா" என்று பேராசிரியர் சொன்னால், இம்முறை கொண்டுபோவேன். இடம்பெற்றுவிட்டால், மலரை ஊருக்கு எடுத்துச் சென்று, அம்மாவின் விரலைப் பிடித்து, உரிய வரியின்மேல் வைத்துக் காட்டுவேன்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவர்கள். நமக்கு முன்னே நடந்து வழிகாட்டியவர்கள் நம் வீட்டில் இல்லை. ஆனால் சொல்லப்படாமலே போன செய்திகள் நம் வீட்டில் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சரியாகச் சொல்ல ஒரு முறை எழுதினால் போதாது. மீண்டும் எழுதுவோம், பார்த்து எழுதுவோம், விடாது எழுதுவோம்.